விட்டது எங்கே போகிறது?

சாப்பிட்டுவிட்டேன், பஸ் போய்விட்டது, மழை நின்றுவிட்டது. ஒரு நாளில் எத்தனை முறை ‘விடு’ என்ற வினையை வாயில் போட்டுக்கொள்கிறோம் என்று எண்ணத் தொடங்கினால் மதியத்துக்குள் கணக்குத் தப்பிவிடும். பாருங்கள், இங்கேயும் வந்துவிட்டது. ஒரு காரியம் முடிந்தது, இனி அதில் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லத் தமிழ் தேர்ந்துகொண்ட துணைவினை, கையிலிருப்பதை நழுவவிடும் வினை. ஒன்றோடு ஒன்றை ஒப்பிடவும் அதே வினைதான் வேண்டியிருக்கிறது. ‘அதைவிட இது நல்லது’ என்பதில் உள்ள ‘விட’ வேறு ஒன்றுமில்லை, ‘விடு’வின் எச்சம்தான். அதை விட்டால்தான் இது நல்லது என்று தெரிகிறது.

அந்த ஒரு வேரிலிருந்து விடுமுறை, விடுதலை, விடுதி என்று ஒரு குடும்பமே கிளைத்திருக்கிறது. விடை என்றால் பதில்; விடை பெறுதல் என்றால் புறப்படுதல். இந்தக் குடும்பத்தில் மூத்தவர் என்று நான் நினைப்பது ‘வீடு’. வங்கிக் கடன் வாங்கி, இருபது வருடம் தவணை கட்டி, நம்முடையது என்று பத்திரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டுவதும் வீடு. அறம், பொருள், இன்பம் எல்லாம் கடந்து, ஒன்றும் வேண்டாம் என்று விட்டவர் போய்ச் சேர்வதும் வீடு. முதல் வீட்டுக்காரரும் இரண்டாம் வீட்டுக்காரரும் சந்தித்துக்கொண்டால் என்ன பேசுவார்கள் என்பது தனிக் கதை.

ஒன்றைப் பெறுவதற்குத் தொல்காப்பியர் மூன்று சொற்களைப் பிரித்துக் காட்டினார். தாழ்ந்தவர் கேட்டால் ‘ஈ’, ஒத்தவர் கேட்டால் ‘தா’, உயர்ந்தவர் கேட்டால் ‘கொடு’. கேட்கும் வாயின் தரத்தை வைத்துச் சொல்லை வகுத்த இலக்கணம் அது. விடுவதற்கு அப்படி யாரும் சூத்திரம் எழுதவில்லை. ஆனாலும் நம் வீட்டுப் பெண்களும் பத்திர எழுத்தர்களும் மேடைப் பேச்சாளர்களும் எழுதாத ஒரு சூத்திரத்தைப் பிசகாமல் கடைப்பிடிக்கிறார்கள். விட்டுவிட்டான், விட்டுக்கொடுத்தான், கைவிட்டான், கைகழுவினான், துறந்தான், நீத்தான், தலைமுழுகினான், தாரைவார்த்தான். எட்டு வாக்கியத்திலும் ஒருவன் கையிலிருந்து ஏதோ போகிறது. ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்க முடியாது. குடியை விடலாம், விட்டுக்கொடுக்க முடியாது. தம்பிக்கு ஜன்னலோர இருக்கையை விட்டுக்கொடுக்கலாம், துறக்க முடியாது. பெற்றோரைக் கைவிட்டவனை ஊர் ஏசும். பெற்றோரைத் துறந்தவனை ஊர் காலில் விழுந்து கும்பிடும். அந்தப் பெற்றோர் இரண்டு வீட்டிலும் தனியாகத்தான் கஞ்சி காய்ச்சிக்கொள்கிறார்கள்.

வித்தியாசம் எங்கே இருக்கிறது? விடுபவரின் மனத்தில் என்று சமய நூல்கள் சொல்லும். எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. மனத்தை யார் பார்த்தார்கள்? மொழி பார்ப்பது வேறொன்றை. விட்ட பொருள் எங்கே போய் இறங்கியது, யார் கை அதை வாங்கிக்கொண்டது, விடச் சொல்லிக் கேட்டது யார் என்று அது பார்க்கிறது. விட்டது ஒருவர் கைக்கும் போகாவிட்டால் ஒரு சொல். உடன்பிறந்தவர் கைக்குப் போனால் ஒரு சொல். நமக்குப் பிடிக்காதவர் கைக்குப் போனால் வசைச் சொல்.

‘தாரைவார்த்தல்’ என்ற சொல் அடைந்த கதியைப் பார்த்தால் இது புரியும். நிலமோ பொருளோ பெண்ணோ கொடுக்கும்போது வாங்குபவர் கையில் நீர் வார்த்துக் கொடுப்பது பழைய வழக்கம். நீர் வார்த்துக் கொடுத்த நிலத்தைப் பற்றிக் கோயில் சுவர்களில் கல்வெட்டுகள் ஏராளம். வார்த்த நீரைத் திரும்ப அள்ள முடியாது. கொடுத்ததும் அப்படியே என்பது அதன் சாட்சியம். கல்யாண மேடையில் இன்றும் பெண்ணின் கை மேல் தேங்காய் வைத்து நீர் வார்க்கிறார்கள், மேளம் கொட்டுகிறது. அதே சொல்லைச் செய்தித்தாளில் தேடினால் மேளமே கேட்காது. 1974இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் கச்சத்தீவு இலங்கையின் எல்லைக்குள் போனதைத் தமிழக மேடைகள் ஐம்பது ஆண்டுகளாக ஒரே சொல்லால்தான் சொல்கின்றன: தாரைவார்த்துவிட்டார்கள். கொடையின் மிகப் புனிதமான சடங்குச் சொல், கொடுக்க உரிமை இல்லாதவர் கொடுத்ததைக் குறிக்கும் குற்றச்சாட்டாக மாறியிருக்கிறது. யார் பொருளை யார் கொடுத்தது என்ற கேள்வி நுழைந்ததும் நீர் கசந்துபோயிற்று.

‘தியாகம்’ இதற்கு எதிர்த்திசையில் பயணப்பட்ட சொல். இடைக்காலத் தமிழில் தியாகம் என்றால் பெரும்பாலும் கொடைதான், வாரி வழங்குவதுதான். விக்கிரம சோழன் தனக்குத் ‘தியாகசமுத்திரன்’ என்று பட்டம் வைத்துக்கொண்டது, கொடையில் நான் கடல் என்று சொல்லிக்கொள்ள. கொடுத்ததால் அரசன் குறைந்துபோனான் என்ற பொருள் அதில் துளியும் இல்லை. கடலில் மொண்டால் குறையுமா? சுதந்திரப் போராட்ட காலத்தில்தான் அந்தச் சொல்லில் இழப்பு ஏறியது. தியாகி என்றால் வாரி வழங்கியவர் போய், சிறை சென்றவர், தொழிலை இழந்தவர், உடம்பு கெட்டவர் ஆனார்.

அதன் பிறகு அரசாங்கம் வந்தது. 1972 ஆகஸ்ட் 15 முதல் மத்திய அரசு தியாகிகளுக்கு ஓய்வூதியம் கொடுக்கத் தொடங்கியபோது, தியாகத்துக்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. குறைந்தது ஆறு மாதச் சிறை. பிற்பாடு பெண்களுக்கு மூன்று மாதம் போதும் என்றானது. சிறை ஆவணம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் கூடச் சிறையிலிருந்தவர் சான்று தர வேண்டும். ஐந்து மாதம் இருபது நாள் உள்ளே இருந்தவர் என்ன செய்திருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். கேலி செய்வது எளிது. ஆனால் பொதுப் பணத்தைக் கொடுக்கும் எந்த அலுவலகமும் இதைத்தான் செய்யும். விட்டதை அளக்க வேண்டுமென்றால் அளக்கக்கூடிய ஒன்றை விட்டிருக்க வேண்டும். வெளியே இருந்துகொண்டு, வக்கீல் தொழிலை விட்ட கணவனையும் நான்கு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, நகையை ஒவ்வொன்றாக அடகுக்கடைக்கு அனுப்பியவளுக்கு எந்தச் சிறை அதிகாரி சான்று தருவார்?

அளப்பது பற்றிப் பேசும்போது செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று என்ற பாறைக்குப் போய்வர வேண்டும். இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களையும் இரண்டு வரிசையாகச் செதுக்கிய பெரிய பாறை அங்கே இருக்கிறது. அந்தக் குன்றில் உள்ள ஒரு சிறு கல்வெட்டு, சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாமல் நோற்று உயிர்விட்ட இடம் அது என்று சொல்கிறது. தமிழ் எழுத்தின் வரலாற்றை ஆராய்பவர்கள் ‘ஐ’ என்ற எழுத்தின் பழைய வடிவத்துக்காக அதைத் தேடிப் போவார்கள். எனக்கு அந்த எண்தான் கண்ணில் நிற்கிறது. இன்னொரு கல்வெட்டு முப்பது நாள் நோற்ற இளையபடாரரைப் பதிந்திருக்கிறது. உணவை, உடலை, கடைசியில் எண்ணிக்கையையும் விட்டவர்கள் அவர்கள். நாளை எண்ணியது பக்கத்தில் இருந்தவர்கள். ஒருவர் விட்டதை இன்னொருவர் கணக்கு வைத்துக் கல்லில் வெட்டியிருக்கிறார்.

சமணரின் இந்த நோன்பு இன்றைய சட்டத்துக்குத் தீராத தலைவலி. 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இதைத் தற்கொலைக்கு நிகர் என்றது. அதே மாதக் கடைசியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. உயிரை விடுவதற்கும் உயிரைப் போக்கிக்கொள்வதற்கும் நடுவே எங்கே கோடு கிழிப்பது என்பதை இரண்டு நீதிமன்றங்கள் மூன்று வாரத்தில் இரண்டு விதமாகப் பார்த்தன.

சங்க காலத்தில் வடக்கிருத்தல் என்று இதற்கு ஒரு பெயர். கோப்பெருஞ்சோழன் தன் பிள்ளைகளோடு போருக்கு எழுந்து, பிறகு மனம் வெறுத்து வடக்கு நோக்கி உட்கார்ந்த கதையும், நேரில் பார்த்தே இராத பிசிராந்தையாருக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கி வைக்கச் சொன்ன கதையும் பள்ளிப் பாடம். பாடத்தில் அதிகம் பேசப்படாதவர் பொத்தியார். அவரும் அரசனோடு உட்கார வந்தார். உன் மனைவி கருவுற்றிருக்கிறாள், மகன் பிறந்த பிறகு வா என்று அரசன் திருப்பி அனுப்பிவிட்டான். போனார், காத்திருந்தார், மகன் பிறந்த பிறகு திரும்பி வந்தார். அதற்குள் நண்பன் நடுகல்லாகியிருந்தான். உயிரை விடுவதற்குக்கூட வீட்டில் பாக்கி இல்லையா என்று பார்த்து அனுமதித்த காலம் அது.

அந்தப் பாக்கியை இந்துச் சட்டம் வேறு வழியில் தீர்க்கிறது. முறைப்படி சந்நியாசம் வாங்குபவர் தனக்குத் தானே சிராத்தம் செய்துகொள்கிறார். சட்டத்தின் கண்ணில் அவர் அன்றே இறந்தவர். அவர் சொத்து வாரிசுகளுக்குப் போய்விடும், பிறந்த குடும்பத்தில் இனி வரக்கூடிய பங்கும் இல்லை. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில், கணவனோ மனைவியோ ஏதாவதொரு துறவு நெறியில் சேர்ந்து உலகத்தைத் துறந்துவிட்டால் மற்றவர் விவாகரத்துக் கேட்கலாம். அடுத்த ஆண்டு வந்த தத்தெடுப்புச் சட்டம் இன்னும் கறார்: பிள்ளையைத் தத்தெடுக்க மனைவியின் சம்மதம் வேண்டும், அவள் உலகத்தை முழுதாகவும் இறுதியாகவும் துறந்திருந்தால் அது தேவையில்லை. முழுதாக, இறுதியாக என்று இரண்டு சொல் போட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். காவி கட்டியதால் மட்டும் ஆகிவிடாது. கோபத்தில் நாலு மாதம் பழனிக்குப் போய் உட்கார்ந்தவரைச் சட்டம் துறவி என்று எடுத்துக்கொள்ளாது. திருக்குறளிலும் துறவுக்கு ஓர் அதிகாரம் இருக்கிறது என்றால், துறந்தது போல் வேடம் போடுபவர்களுக்கும் கூடாவொழுக்கம் என்று தனி அதிகாரம் இருக்கிறது. வள்ளுவர் காலத்திலேயே சரக்கும் போலிச் சரக்கும் ஒரே சந்தையில் விற்றிருக்கின்றன.

முழுதாக விட்டவர் என்று நாம் நினைக்கும் பட்டினத்தாரே அந்தச் சட்டத்தில் தேறுவாரா என்பது சந்தேகம். காதறுந்த ஊசி ஒன்றைக் கண்டு கப்பல் வணிகத்தையும் காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வத்தையும் போட்டுவிட்டுப் போனவர் என்பது கதை. ஆனால் தாய் இறந்தபோது கொள்ளி வைக்க வருவேன் என்று சொல்லியிருந்தார், வந்தார். காய்ந்த விறகை ஒதுக்கிப் பச்சை வாழை மட்டையை அடுக்கித் தீ மூட்டினார் என்று சொல்வார்கள். ஆதிசங்கரரைப் பற்றியும் இதே போல் காலடியில் ஒரு கதை உண்டு. துறவி தாய்க்குக் கருமம் செய்யலாமா என்று ஊரார் தடுத்தார்களாம். மனைவியை விட்டதைக் கதை சொல்பவர்கள் ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். தாயை விட முடியாததை மட்டும் விரித்து விரித்துச் சொல்கிறார்கள். கதை கேட்டு வளர்ந்த நமக்கு அது வித்தியாசமாகவே தெரியவில்லை என்பதுதான் வித்தியாசம்.

துறவு இப்படியெல்லாம் கனமான விஷயமாக இருக்க, அதன் சில்லறை மாற்று கயாவில் கிடைக்கிறது. ‘காசிக்குப் போனால் எதையாவது விட்டுவிட்டு வர வேண்டும்’ என்று நம் ஊரில் பொதுவாகச் சொன்னாலும், அது நடப்பது பெரும்பாலும் கயாவில், அட்சயவடம் என்ற ஆலமரத்தடியில். பித்ருக்களுக்குப் பிண்டம் வைத்து முடித்ததும் அங்குள்ள பண்டா, அதாவது புரோகிதர், கேட்பார்: என்ன காய் விடுகிறீர்கள், என்ன பழம் விடுகிறீர்கள்? சொன்னதை அன்றிலிருந்து ஆயுளுக்கும் தொடக்கூடாது. இதற்கு உபன்யாசகர்கள் ஓர் அழகான விளக்கம் வைத்திருக்கிறார்கள். விட வேண்டியது காயத்தின் மேலுள்ள ஆசையையும் பலனின் மேலுள்ள ஆசையையும். காயமும் பலமும் நாளடைவில் காயும் பழமும் ஆகிவிட்டன என்பார்கள். கேட்கும்போது கைதட்டத் தோன்றும். ஆனால் இந்தச் சிலேடை தமிழில்தான் பலிக்கும். ‘காய்’ என்ற சொல்லே தெரியாத வடநாட்டு யாத்ரிகர்களும் அதே மரத்தடியில் அதே போல் ஒரு காயையும் பழத்தையும்தான் விட்டுப் போகிறார்கள். அதனால் உபன்யாசத்தை ரசித்துவிட்டு நகர்ந்துவிடுவது நல்லது.

மக்கள் அங்கே விடும் காய்களின் பட்டியலை யாராவது எடுத்தால் மனித குணத்தைப் பற்றி நல்ல புத்தகம் எழுதலாம். எனக்குத் தெரிந்தவர்களில் பாகற்காயை விட்டவர் மூன்று பேர், சுரைக்காயை விட்டவர் இரண்டு பேர். ஒருவர் டிராகன் பழத்தை விட்டார். அதை அவர் அதற்கு முன்பும் சாப்பிட்டதில்லை. சர்க்கரை நோய்க்காரர் ஒருவர் மாம்பழத்தை விட்டார், அது டாக்டர் ஏற்கெனவே பிடுங்கிக்கொண்டது.

இதைச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் பெரிய அளவிலும் இதுவேதான் நடந்திருக்கிறது. 1951 ஏப்ரல் 18 அன்று தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் வினோபா பாவே, நிலமில்லாதவர்களுக்கு எண்பது ஏக்கர் வேண்டும் என்று கேட்டபோது வெதிரே ராமச்சந்திர ரெட்டி நூறு ஏக்கர் தருவதாக எழுந்து நின்றார். பூதானம் அப்படிப் பிறந்தது. பிறகு வினோபா ஊர் ஊராக நடந்தார், லட்சக்கணக்கான ஏக்கர் எழுதிக் கொடுக்கப்பட்டது. பங்கு போடப் போனபோதுதான் அதில் ஒரு பெரும் பகுதி பாறையும் கரடும் வழக்கில் கிடந்த நிலமும் என்று தெரிந்தது. பாகற்காய் நிலங்கள். இதனால் பூதானம் வெறும் ஏமாற்று என்று சொல்லமாட்டேன். நல்ல நஞ்சையைக் கொடுத்தவர்களும் இருந்தார்கள், பெற்ற நிலத்தில் இன்றும் உழுபவர்கள் இருக்கிறார்கள். விடச் சொல்லி ஊர் நடுவில் ஒரு பெரியவர் கை நீட்டும்போது, இல்லை என்று சொல்ல முடியாதவர்கள் விடுவதற்கென்றே சில பொருள்களை வைத்திருப்பார்கள் என்று மட்டும் சொல்லலாம்.

அரசாங்கம் கை நீட்டினால்? 2015இல் சமையல் எரிவாயு மானியத்தை வசதியுள்ளவர்கள் விட்டுக்கொடுக்கும்படி மத்திய அரசு கேட்டது. ஓராண்டில் ஒரு கோடிப் பேருக்கு மேல் விட்டுக்கொடுத்தார்கள். நீங்கள் விட்டது எந்த ஏழை வீட்டுக்குப் போனது என்று காட்டும் ஏற்பாடும் செய்யப்பட்டது. விட்டது எங்கே போகிறது என்ற கேள்வியை அந்த அதிகாரிகளில் யாரோ ஒருவர் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார். 2020 மே மாதத்துக்குப் பிறகு பெரும்பாலோருக்கு மானியம் வருவதே நின்றுபோய், விட்டவருக்கும் விடாதவருக்கும் வித்தியாசம் இல்லாமல் ஆயிற்று. நம் ரேஷன் கடையில் இதைவிடப் பழைய, கூச்சமில்லாத ஏற்பாடு ஒன்று இருக்கிறது: எப்பொருளும் வேண்டாத அட்டை. அரிசி வேண்டாம் என்றால் சர்க்கரை அட்டை. அப்படி விட்டவர்கள் விட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ள, 2019 நவம்பரில் சர்க்கரை அட்டையை அரிசி அட்டையாக மாற்றிக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தது. பொங்கல் பரிசு நெருங்கிக்கொண்டிருந்த சமயம். வரிசை எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கெடு வைத்து விட்டது நிரந்தரமாகிப்போன சரித்திரம் மதுரையில் நடந்தது. 1921 செப்டம்பரில் காந்தி சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் வந்தார். அன்னியத் துணியை எரிக்கச் சொல்லி ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்த நேரம். கதர் வாங்க எங்களுக்கு எங்கே வசதி என்று ஏழைகள் கேட்டது அவரைத் தைத்துக்கொண்டிருந்தது. மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டில் செப்டம்பர் 22 காலையில் சட்டையையும் குல்லாயையும் எடுத்துவிட்டு முழங்கால் அளவுத் துணியோடு வெளியே வந்தார். இதில் பலரும் கவனிக்காத ஒன்று: அவர் அன்று ஆயுள் சபதம் எதுவும் எடுக்கவில்லை. அக்டோபர் 31 வரையாவது இப்படி இருப்பேன் என்றுதான் அறிவித்தார். ஐந்தரை வாரம். ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர் ஒரு மண்டலத்துக்கு மதுவையும் மாமிசத்தையும் விடுவது போன்ற கணக்குதான். அக்டோபர் 31 வந்தது, போனது. சட்டை திரும்ப வரவில்லை. மாலை போட்டவர்கள் பலர் கழற்றிய அன்று மாலையே எங்கே போகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். இருவரும் கெடு வைத்தவர்கள்தான். மதுரையில் விட்ட சட்டை ஒரு கேள்விக்குப் பதிலாக விட்டது, அந்தக் கேள்வி அக்டோபர் 31க்குப் பிறகும் தீரவில்லை.

பட்டங்களை விட்டவர்கள் அந்தப் பத்தாண்டில் நிறைய. தாகூர் 1919இல் ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பிறகு ‘சர்’ பட்டத்தைத் துறந்தது எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஓராண்டு முன்பே சென்னையில் மணி ஐயர் என்று அழைக்கப்பட்ட எஸ். சுப்பிரமணிய ஐயர், உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர், தன் பட்டங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். அமெரிக்க அதிபர் வில்சனுக்கு இந்தியாவின் நிலையை எழுதியதற்காக ஆட்சியாளர்கள் அவரைக் கடிந்துகொண்டதுதான் காரணம். தமிழர்களில் பலருக்கு இது தெரியாது. இவை கொடுத்தவருக்கே திருப்பிக் கொடுத்த பட்டங்கள். எறிந்தால் போய் விழ ஒரு மேசை இருந்தது.

யாரும் கொடுக்காத பட்டத்தை எங்கே திருப்பி அனுப்புவது? 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சாதிப் பட்டத்தை விட வேண்டும் என்று தீர்மானித்தது. பெரியார் அதற்கு முன்பே ‘குடிஅரசு’ இதழில் தன் பெயரிலிருந்த ‘நாயக்கர்’ என்பதை எடுத்துவிட்டிருந்தார். இந்தியாவின் வேறெந்த மாநிலத்திலும் இவ்வளவு பரவலாக நடக்காத ஒரு கைவிடல் இது. வெளிமாநில வங்கிப் படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்துக்கு முன்னால் இன்றும் தமிழர்கள் பேனாவைப் பிடித்துக்கொண்டு முழிக்கிறார்கள். அப்பா பெயரை எழுதிவிட்டு, விமான நிலையத்தில் அப்பா பெயராலேயே அழைக்கப்படுகிறார்கள். அந்த முழிப்பு, தொண்ணூறு வருடத்துக்கும் முன் ஒரு மாநாட்டில் விட்டதன் மிச்சம். அந்தப் பட்டங்கள் எங்கே போயின என்றால், பெயரிலிருந்து போயின. திருமண விளம்பரத்தின் முதல் வரியில் இருக்கின்றன, வாடகை வீடு கேட்கும்போது ‘நீங்க எந்த ஊர்?’ என்று தொடங்கும் விசாரணையில் இருக்கின்றன. ஆனாலும் பெயரிலிருந்து போனது சின்ன விஷயம் என்று சொல்பவர்கள், அது போகாத மாநிலத்தில் ஒரு வகுப்பறையில் வருகைப் பதிவேடு வாசிப்பதைக் கேட்க வேண்டும்.

இனி என் அத்தையிடம் வருகிறேன்.

பண்ருட்டிப் பக்கம். தாத்தா இறந்து ஒரு வருடம் கழித்து, 1996இல், அத்தை என் அப்பாவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தாள். சொத்து விஷயத்தில் ‘விடுதலை’ என்றால் இதுதான்: தன் பங்கை உடன்பிறந்தவருக்கு விட்டு விலகுவது. சார்பதிவாளர் அலுவலகத்தில் வேப்பமரத்தடி பெஞ்சில் நான் அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்திர எழுத்தர் வேகமாக வாசித்தார். சுயநினைவோடும் முழுச் சம்மதத்தோடும் பிறர் தூண்டுதல் இல்லாமலும் எழுதிக் கொடுப்பதாகவும், இனி தனக்கும் தன் வாரிசுகளுக்கும் எவ்விதப் பாத்தியதையும் பின்தொடர்ச்சியும் இல்லை என்றும் வழக்கமான வாசகம். கட்டைவிரலில் மை தடவும்போது அத்தை முந்தானையை ஈரப்படுத்தித் தயாராக வைத்திருந்தாள், உடனே துடைத்துக்கொள்ள. பிறகு எல்லோரும் ஓட்டலில் தோசை சாப்பிட்டோம். அப்பா பட்டுப் புடவை வாங்கிக் கொடுத்தார்.

தமிழ்நாட்டில் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமைப் பங்கு என்ற சட்டம் 1989இலேயே வந்துவிட்டது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் கல்யாணமானவர்களுக்கு அது பொருந்தாது. அத்தைக்குக் கல்யாணமானது எழுபதுகளில். அதனால் அவளுக்கு இருந்தது பழைய 1956 சட்டப்படி தாத்தாவின் பங்கில் ஒரு பங்கு மட்டும். அந்தச் சின்னப் பங்குக்கும் எதற்குப் பத்திரம் என்றால், பின்னால் வில்லங்கம் வரக்கூடாது என்றார் வக்கீல். 2005இல் நாடு முழுவதும் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்று சட்டம் திருந்தியபோது, 2004 டிசம்பர் 20க்கு முன் முறையாக முடிந்த பாகப்பிரிவினையும் கைமாற்றமும் அப்படியே நிற்கும் என்ற விதியும் கூடவே வந்தது. வார்த்த நீர் வார்த்ததுதான்.

இதே சட்டப் புத்தகங்களில் இன்னொரு விதியும் உண்டு, எனக்கு அது மிகவும் பிடிக்கும். 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு. அப்பா உயிரோடு இருக்கும்போது, நாளைக்கு வாரிசாக வரப்போகிறேன் என்ற வெறும் வாய்ப்பை யாரும் கைமாற்ற முடியாது. கையில் வராததை விட முடியாது. எத்தனையோ வீடுகளில் கல்யாணத்துக்கு நகை போடும்போதே ‘இனி எனக்கு எதுவும் வேண்டாம்’ என்று பெண்ணிடம் வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிவைக்கிறார்களே, அந்தத் தாளை நம்பி நீதிமன்றத்துக்குப் போகிறவர் இந்தப் பிரிவைத்தான் முதலில் தாண்ட வேண்டியிருக்கும். ராஜஸ்தானில் இதற்கு ‘ஹக் தியாக்’ என்று பெயரே இருக்கிறது, உரிமைத் தியாகம். பெண் தன் பங்கைச் சகோதரர்களுக்கு எழுதிக் கொடுப்பதை அங்கே சடங்கு போலவே செய்கிறார்கள். நம்மிடம் பெயர் இல்லை, புடவை உண்டு.

அத்தை இதைப் பற்றிப் பேசியதில்லை. யாராவது கேட்டால், ‘தம்பிக்கு விட்டுக்கொடுத்துட்டேன்’ என்பாள். விட்டுட்டேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ‘கொடுத்து’ என்ற அந்தச் சொல்லை அவள் விடவில்லை.

பத்திரம் பதிந்த இரண்டாவது வருடம் மாமா தவறி, அவள் காசி, கயா போய்வந்தாள். காயில் என்ன விட்டாள் என்று எனக்கு நினைவில்லை. பழத்தில் பலாப்பழத்தை விட்டாள். பண்ருட்டிக்காரி பலாப்பழத்தை விடுவதா என்று வீடே அதிர்ந்தது. பாகற்காய்க்காரர்கள் மத்தியில் இப்படி ஒருத்தியா என்று அப்பா பெருமையாகச் சொல்லிக்கொண்டார். அவள் எழுதிக் கொடுத்த நிலத்தின் வடமேற்கு மூலையில், கிணற்றை ஒட்டி, தாத்தா வைத்த பலா நிற்கிறது. இப்போதும் காய்க்கிறது. இரண்டையும் சேர்த்து அவள் எதுவும் சொன்னதில்லை, நான் கேட்டதும் இல்லை.

ஒவ்வொரு ஆனி மாதமும் பழம் இறக்கினால் ஒன்றை அத்தை வீட்டுக்கு எடுத்துப் போவேன். அவள்தான் அரிவாள்மணையைப் போட்டு உட்காருவாள். உள்ளங்கையிலும் மணையிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, பழத்தை இரண்டாகப் பிளந்து, நடுத்தண்டைச் சீவி, பாலைத் தேங்காய் நாரால் துடைத்து, சுளையைச் சடைசடையாகப் பிரித்து எங்கள் தட்டில் போடுவாள். வாசனை தெரு முனை வரை போகும். ஒரு சுளை வாயில் படாது. போன வருடம் என் மகள் கொட்டைகளை வாரிக் குப்பைக் கூடையில் போடப் போனாள்.

“ஏய், அதை ஏன்டி போடற? கொண்டா இப்படி, குழம்புக்கு வேணும்.”

“நீங்கதான் பலாப்பழத்தை விட்டுட்டீங்களே, பாட்டி?”

“பழத்தைத்தான் விட்டேன்” என்றாள் அத்தை, எண்ணெய்க் கையோடு கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே. “கொட்டையை எவன் விட்டான்?”